மூன்று சொற்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டு: ‘ஸ்கேல்’ ஏணியாகவும் அளவுகோலாகவும் இருப்பது எப்படி?

மன்னார்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் எடுத்து வைக்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள், ஆங்கிலக் கதை ஒன்றில் வீரர்கள் இரவோடு இரவாகக் கோட்டைச் சுவரை ‘ஸ்கேல்’ செய்தார்கள் என்று படித்துவிட்டு, பென்சில் பெட்டியிலிருந்த ஸ்கேலை எடுத்துக் காட்டி, “இதை வைத்துச் சுவரை அளந்தார்களா அம்மா?” என்று கேட்டிருக்கிறாள். அகராதியைப் புரட்டினால் அதே சொல் 1, 2, 3 என்று எண்ணிடப்பட்டு மூன்று இடங்களில் தனித்தனியாக நிற்கிறது. ஓரிடத்தில் மீன் செதில், ஓரிடத்தில் தராசுத் தட்டு, ஓரிடத்தில் ஏறுதலும் அளவும். இதற்கிடையே உறவினர் ஒருவர், இந்தச் சொல் ஸ்கந்தன் என்னும் முருகன் பெயரிலிருந்துதான் வெள்ளைக்காரர்களுக்குப் போனது என்று கைப்பேசியில் ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறார். ஆகவே அந்தத் தாய் உண்மையில் கேட்பவை மூன்று: இது பல பொருள் கொண்ட ஒரு சொல்லா, ஒரே உருவம் கொண்ட பல சொற்களா? அளக்கும் கருவிக்கும் சுவர் ஏறுவதற்கும் என்ன உறவு? கந்தன் கதை உண்மையா?

நான் பாபநாசம், கும்பகோணம் வட்டாரப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். சொற்பிறப்பியலை முறையாகப் பயின்ற ஆய்வாளன் அல்லன்; இலத்தீனை அகராதியின் துணையோடு எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கே எனக்குப் பழக்கம். ஆயினும் இந்தச் சொல் வகுப்பறையில் ஆண்டுதோறும் என்னை வழிமறித்திருக்கிறது. அதனால் இதைத் தேடிப் படித்தேன், ஓய்வுக்குப் பிறகும் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். அகராதி சொல்வதே சரி. இவை மூன்று சொற்கள். ஏறுதலும் அளவும் ஒரே சொல். மீன் செதிலும் தராசுத் தட்டும் தமக்குள் உறவுள்ள வேறு இரண்டு சொற்கள். நடை மாறி, ஒலி தேய்ந்து, மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து சேர்ந்தன.

ஏறுதலைக் குறிக்கும் ‘ஸ்கேல்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘ஸ்காலா’ என்றால் இலத்தீனில் ஏணி, படிக்கட்டு. படிகள் பல என்பதால் பழைய இலத்தீனில் அச்சொல்லைப் பெரும்பாலும் பன்மையிலேயே வழங்கினார்கள். அந்த ‘ஸ்காலா’வுக்கு அடியில் இருப்பது ‘ஸ்கந்தெரே’ என்னும் வினை. அதற்கு ஏறுதல் என்று பொருள். வினையிலிருந்து பெயர் பிறந்தபோது நடுவிலிருந்த மெய்யொலிகள் தேய்ந்து, முன்னிருந்த உயிர் நீண்டது. இதுவரை சொன்னவற்றில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் இச்சொல் நுழைந்தபோது, சுவரில் ஏணி சாத்தி ஏறிக் கோட்டையைப் பிடிப்பது என்பதே வினையின் முதற்பொருளாக இருந்தது. உங்கள் மகள் படித்த கதையில் வருவது அந்தப் பழைய, நேரான பொருள்தான், அது உருவகமன்று.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று தடுமாறத் தேவையில்லை. கோட்டையை முற்றுகையிடும் போரை உழிஞைத் திணை என்று வகுத்த தொல்காப்பியம், அதன் துறைகளுள் ‘தொல் எயிற்கு இவர்தல்’ என்று ஒன்றையும் ‘மடையமை ஏணிமிசை மயக்கம்’ என்று இன்னொன்றையும் சொல்கிறது. எயில் என்றால் மதில். இவர்தல் என்றால் ஏறுதல், மேற்செல்லுதல். மதிலில் சாத்திய ஏணியின் மேல் நின்றபடியே இருபடையும் கலந்து பொருவது இரண்டாவது துறை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, பெரும்பாணாற்றுப்படையில் கடற்கரை ஊரொன்றின் கலங்கரை விளக்கத்தை ‘ஏணி சாத்திய ஏற்றரும் சென்னி’ என்று காட்டுகிறார். ‘ஏணி சாத்துதல்’ என்ற தொடர் இன்றும் நம் வாயில் இருக்கிறது. ஆகவே அந்த ஆங்கில வரியை ‘வீரர்கள் மதிலில் ஏணி சாத்தி ஏறினார்கள்’ என்றோ, ஏணி இல்லாத இடமானால் ‘மதிலேறினார்கள்’ என்றோ மொழிபெயர்த்தால் போதும்.

ஏறுவதற்கு ஆங்கிலத்தில் ‘கிளைம்ப்’ என்ற சொல்லும் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். ‘கிளைம்ப்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘கிளிம்பன்’. இன்று ஒலிக்காமல் எழுத்தில் மட்டும் நிற்கும் கடைசி மெய் அந்தக் காலத்தில் வாய்விட்டு ஒலித்தது. பற்றிக்கொள்ளுதல், ஒட்டிக்கொள்ளுதல் என்ற கருத்துள்ள சொற்களோடு அதற்கு உறவு உண்டு என்று அகராதியாளர் பெரும்பாலும் கருதுகிறார்கள். பற்றிப் பற்றி மேலே போவதே அதன் அடிப்படை. எங்கள் தெருவில் தேங்காய் பறிக்க வருபவர், காலில் தளையை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மரத்தை அணைத்து, உள்ளங்கால்களை மரத்தில் அழுத்தி, உடம்பைத் தூக்கித் தூக்கி உந்திப் போவார். அது ‘கிளைம்ப்’. கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுகிறவர் மூங்கில் ஏணியைச் சாத்தி, ஒரு படி, அடுத்த படி என்று கால் மாற்றி ஏறுவது ‘ஸ்காலா’வின் வழி வந்த ஏற்றம். இன்றைய ஆங்கிலத்தில் மலையுச்சிக்கு இரண்டு சொல்லையும் வழங்குகிறார்கள். இந்த வேறுபாட்டை எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை. எனினும் ‘ஸ்கேல்’ என்று எழுதும்போது, செங்குத்தான ஒன்றை அடிமுதல் உச்சிவரை வென்று முடித்தல் என்ற சாயல் ஒட்டிக்கொண்டு வரும். திண்ணையில் ஏறுவதற்கு அச்சொல்லை யாரும் எழுதமாட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏணி எப்படி அளவுகோல் ஆயிற்று? ஏணியின் உருவத்தை ஒரு கணம் மனத்தில் நிறுத்துங்கள். இரண்டு நெடுங்கோல்கள், அவற்றுக்குக் குறுக்கே சம இடைவெளியில் சட்டங்கள். அந்தச் சட்டங்களைக் கோடுகளாக்கி ஒரு பலகையில் வரைந்தால் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. இது என் கற்பனையன்று. ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1391ஆம் ஆண்டையொட்டி, பத்து வயது மகன் லூயிஸுக்காக, விண்மீன்களின் உயரத்தைக் கணக்கிடும் அஸ்ட்ரோலேப் என்ற கருவியைப் பற்றி எளிய நடையில் ஒரு நூல் எழுதினார். கருவியின் பின்புறத்தில் 12 புள்ளிகளாகப் பிரித்துப் பொறிக்கப்பட்ட அளவுக்கோட்டை அவர் ‘ஸ்கேல்’ என்று அழைத்து, அது ஏணிகளைப் போல அமைந்திருக்கிறது என்றும் விளக்குகிறார். ஒரு சொல் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாண்டும் அந்தக் கணத்தில், தந்தை ஒருவர் தம் பிள்ளைக்கு அதை விளக்குவதை நாம் நேரில் பார்ப்பது போல இருக்கிறது. சொல்லாராய்ச்சியில் இத்தகைய நேர்ச்சான்று கிடைப்பது அரிது.

இன்னொரு சான்று நமக்குப் பக்கத்திலேயே, காரைக்காலில் இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அவ்வூரில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர் யாரையாவது கண்டால், ‘எஷெல்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஏணி என்பார், நிலப்படத்தின் அளவு விகிதம் என்றும் சொல்வார். அதுவும் இதே ‘ஸ்காலா’வின் பிரெஞ்சு உருவம்தான். இத்தாலியத்தில் ‘ஸ்காலா’ என்ற ஒரே சொல் இன்றும் படிக்கட்டு, ஏணி, இசையின் சுர வரிசை, நிலப்பட அளவு ஆகிய எல்லாவற்றையும் குறிக்கிறது. ஆங்கிலத்திலோ ஏணிக்கு ‘லாடர்’ என்ற சொந்தச் சொல் முன்பே இருந்ததால், ‘ஸ்கேல்’ ஏணி என்ற பொருளை இழந்து, அதன் நிழலாகிய அளவை மட்டும் வைத்துக்கொண்டது. அதனால்தான் அளவுக்கும் ஏறுதலுக்கும் இடையிலுள்ள பாலம் ஆங்கிலம் மட்டும் படிப்பவரின் கண்ணுக்குப் படுவதில்லை.

அளவு என்ற கிளையில் இதன்பின் வந்தவை எல்லாமே படி மேல் படியாக அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு சுரமும் ஒரு படி என்று கொண்டதால் இசைக்கு ஸ்கேல். நம்முடைய ஆரோகணம் என்ற சொல்லுக்கும் ஏறுதல் என்பதே பொருள். தமிழிசையில் ஆரோசை, அமரோசை என்பார்கள். ஆண்டுக்கு ஓர் ஊதிய உயர்வு என்று ஏறும் சம்பள ஏணிக்குப் ‘பே ஸ்கேல்’. நிலத்தில் அரை கிலோமீட்டரைத் தாளில் 1 சென்டிமீட்டராகக் காட்டும் 1:50,000 நிலப்படத்தின் விகிதத்துக்கும் அதே சொல். வெப்பநிலைக்கு நாம் சொல்லும் ‘டிகிரி’யும் இலத்தீனில் படி என்று பொருள்படும் ‘கிராதுஸ்’ என்பதிலிருந்து வந்ததே. பள்ளிக்கூடக் கோலை ‘ஸ்கேல்’ என்பது மட்டும் நம் நாட்டு வழக்கு. இங்கிலாந்துப் பிள்ளைகள் அதை ‘ரூலர்’ என்பார்கள். உங்கள் மகள் பிற்காலத்தில் வெளிநாட்டில் படிக்க நேர்ந்தால் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

தமிழிலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு. ‘படி’ என்றால் வீட்டு வாசலில் மிதித்து ஏறுவது. நெல் அளப்பதும் படி. அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி, பயணப்படி. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று களத்தில் நெல்லளந்த டெல்டாக்காரர்களுக்குப் படி என்ற சொல்லின் இரண்டு முகமும் தெரியும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மிதிக்கும் படியும் அளக்கும் படியும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று, ஏணியையும் அளவையும் இணைத்தது போன்ற உறுதியோடு நான் சொல்லமாட்டேன். நகல் என்னும் பொருளில் வரும் ‘படி’யை வடமொழிப் ‘பிரதி’யோடு சேர்ப்பவர் பலர். உருவம் ஒன்றாக இருப்பதால் மட்டுமே உறவு உறுதியாகிவிடாது. ஆங்கில ‘ஸ்கேல்’ நமக்குக் கற்றுத் தரும் பாடமே அதுதான்.

ஏறுதலும் அளத்தலும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட ஒரு நிகழ்ச்சி நம் தஞ்சாவூரில் நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1802இல் சென்னையில் தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவையை நடத்திய வில்லியம் லாம்டன், காவிரிப் படுகைக்கு வந்தபோது ஒரு சிக்கலைச் சந்தித்தார். தொலைவிலுள்ள புள்ளிகளைப் பார்த்துக் கோணம் எடுக்க உயரமான இடம் வேண்டும். இங்கோ குன்றே இல்லை, எங்கும் வயலும் தென்னையும்தான். ஆகவே கோயில் கோபுரங்களை அளவை நிலையங்களாக்கிக்கொண்டார். 1808இல் பெரிய கோயிலின் உச்சிக்கு, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தம் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலேற்றினார்கள். கயிறு அறுந்து கருவி கற்சுவரில் மோதியது. கோணத்தின் பாகைகள் பொறிக்கப்பட்டிருந்த 36 அங்குல விட்டமுள்ள வட்டம் வளைந்து உருக்குலைந்தது. லாம்டன் தம் கூடாரத்துக்குள் அமர்ந்து, ஆறு வாரங்கள் சிறிது சிறிதாகத் தட்டியும் இழுத்தும் அந்த வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கோயிலின் உச்சியை ‘ஸ்கேல்’ செய்யப் போன கருவியின் ‘ஸ்கேல்’ கெட்டுப்போனது என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் இதைச் சொல்லிவிடலாம். வகுப்பில் இரண்டு பொருளையும் விளக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வாய்க்கவில்லை. விமானம் சுமார் 216 அடி உயரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் செங்குத்து உடனே விளங்கிவிடும்.

இனி மற்ற இரண்டு சொற்கள். கும்பகோணம் மீன் அங்காடியில் ஒரு காலை நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் கெண்டை ஒன்றை வாலைப் பிடித்து, தலைப்பக்கமாக உரசி உரசிச் செதிலை எடுக்கிறார். வெள்ளித் துணுக்குகள் முழங்கைவரை ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னுகின்றன. அவருக்குப் பக்கத்தில் தராசு. ஆங்கிலத்தில் அந்தத் துணுக்கும் ‘ஸ்கேல்’, அந்தத் தட்டும் ‘ஸ்கேல்’. துணுக்கைக் குறிக்கும் சொல் பழைய பிரெஞ்சில் ஓடு, உமி என்று பொருள்பட்ட ‘எஸ்கால்’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லோ செருமானிய மொழிகளிடமிருந்து பெற்ற கடன். தட்டைக் குறிக்கும் சொல் வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய நார்ஸ் மொழியில் கிண்ணம் என்று பொருள்பட்ட ‘ஸ்கால்’. ஆங்கிலத்தில் முதலில் அது குடிக்கும் கிண்ணமாகவே வழங்கியது. பிறகுதான் தராசின் தட்டாயிற்று. ஸ்வீடன், டென்மார்க் நாட்டவர் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து ‘ஸ்கோல்’ என்று வாழ்த்துவது இதே சொல். தராசுக்கு இரண்டு தட்டு என்பதால்தான் அந்தப் பொருளில் ஆங்கிலேயர் ‘ஸ்கேல்ஸ்’ என்று பன்மையில் சொல்லிப் பழகினார்கள்.

இவை இரண்டுக்கும் அடியில் பிளத்தல், வெட்டிப் பிரித்தல் என்னும் பொருளுள்ள ஒரு பழைய வேர் இருப்பதாக மொழிநூலார் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். பிளந்தெடுத்த ஓடு, ஓட்டைப் போன்ற கிண்ணம், கிண்ணத்தைப் போன்ற தட்டு. சிப்பியையும் முட்டை ஓட்டையும் குறிக்கும் ‘ஷெல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம். ‘ஸ்காலா’வின் வரலாற்றைப் போல இதில் ஒவ்வோர் அடியும் எழுத்துச் சான்றோடு கிடைக்கவில்லை, வேர் என்பது ஒப்பிட்டு ஊகித்த வடிவம். ஆனால் நன்றாக நிறுவப்பட்ட ஊகம். தமிழில் செதில் என்ற சொல் செதுக்கு என்பதன் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கும்போது, உலகத்தின் இரண்டு மூலைகளில் மனிதர்கள் மீனின் மேல்தோலைப் பார்த்து ஒரே விதமாக நினைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

தராசு என்ற சொல் பாரசீக வழி வந்தது. நம் பழைய சொல் துலாக்கோல். ஐப்பசி மாதம் மாயவரத்தில் துலா முழுக்கு என்கிறோமே, அந்தத் துலாவும் தராசுதான். அந்த இராசியை ஆங்கிலத்திலும் ‘ஸ்கேல்ஸ்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தின் நெடுமரத்துக்கும் துலா என்று பெயர். ஒருவர் அந்தத் துலாமரத்தின் மேல் முன்னும் பின்னுமாக நடந்தால் சால் இறங்கும், ஏறும். என் பாட்டனார் அப்படி நடந்ததைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். எடை பார்க்கும் கோலும் மனிதன் ஏறி நடக்கும் மரமும் தமிழில் ஒரே பெயரைப் பெற்றது இரண்டும் ஒரே விதமாகத் தாழ்ந்து உயர்வதால். ஆங்கிலத்தில் தராசும் ஏறுதலும் ஒரே பெயரைப் பெற்றதோ வெறும் ஒலி ஒற்றுமையால். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல் மருத்துவர் ‘ஸ்கேலிங்’ செய்ய வேண்டும் என்கிறாரே, அது எந்தச் சொல் என்று கேட்டால், செதில் குடும்பம். பல்லின் மேல் செதிலாகப் படிந்த காறையை உரித்தெடுப்பது அது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கட்டுவதும், தென்னை ஓலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் செதில் பூச்சியின் ஆங்கிலப் பெயரும் அப்படியே.

ஏணிக் குடும்பத்துக்கு மறுபடி வருகிறேன். அதன் உறவினர்களைப் பார்த்தால்தான் மூன்றாவது கேள்விக்கு வழி திறக்கும். ‘ஸ்கந்தெரே’ என்ற வினையோடு முன்னொட்டுச் சேர்ந்து, மேலேறுதலைக் குறிக்கும் ‘அசெண்ட்’, கீழிறங்குதலைக் குறிக்கும் ‘டிசெண்ட்’, கடந்து மேற்செல்லுதலைக் குறிக்கும் ‘டிரான்செண்ட்’ ஆகியவை பிறந்தன. ஊருக்கு ஊர் மருத்துவமனை வாசலில் பலகை தொங்கும் ‘ஸ்கேன்’ என்பதும் இதே வினைதான் என்றால் பலர் வியப்பார்கள். பிற்கால இலத்தீனில் செய்யுளை அசை பிரித்து, தாளத்துக்குப் பாதத்தை உயர்த்தித் தாழ்த்தி, அடியடியாகக் கடப்பதை ‘ஏறுதல்’ என்றார்கள். தமிழ் யாப்பில் நாம் அலகிடுதல் என்கிறோம். அடியடியாகப் பார்த்தல் என்பது உற்று நோக்குதலாகி, இருபதாம் நூற்றாண்டில் கருவி வரி வரியாகப் பார்ப்பதற்குப் பெயராயிற்று. கடைசியிலிருந்த ‘ட்’ ஒலியை ஆங்கிலேயர் இறந்தகால விகுதி என்று நினைத்து விட்டுவிட்டார்கள் என்பது அகராதிகள் தரும் விளக்கம். ஏணி சாத்தி மதிலேறும் போர்முறையின் பெயரான ‘எஸ்கலேட்’ என்பதை நினைவில் கொண்டு சார்லஸ் சீபர்கர் என்பவர் ஆக்கிய வணிகப் பெயரே ‘எஸ்கலேட்டர்’. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஓட்டிஸ் நிறுவனம் அந்த நகரும் படிக்கட்டைக் காட்டியது. 1950இல் அமெரிக்காவில் அப்பெயர் பொதுச்சொல் என்று தீர்ப்பாகித் தனியுரிமை போயிற்று.

இப்போது கந்தன். உறவினர் அனுப்பிய செய்தியில் ஒரு பகுதி மெய், முடிவு பிழை. வடமொழியில் ‘ஸ்கந்த்’ என்னும் வினையடிக்குத் தாவுதல், துள்ளுதல், சிந்துதல் என்ற பொருள்கள் உண்டு. இலத்தீன் ‘ஸ்கந்தெரே’யும் வடமொழி ‘ஸ்கந்த்’தும் ஒரே மூதாதை மொழியின் ஒரே வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள் என்பதை ஒப்பியல் மொழிநூலார் பொதுவாக ஏற்கிறார்கள். உடன்பிறப்பு என்ற உறவு வேறு, ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்பது வேறு. ஆங்கிலச் சொல் ரோமாபுரியின் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாகவும் கற்றவர்களின் இலத்தீன் வழியாகவும் வந்தது. இந்தியாவிலிருந்து புறப்பட்டு அங்கே போனதற்குச் சான்று எதுவும் இல்லை.

அடுத்து, முருகனுடைய பெயரே அந்த வினையடியிலிருந்து வந்ததா என்பது தனிக் கேள்வி. இங்கே விடைகள் பல. சிவனுடைய ஆற்றல் சிந்தியதால் ஸ்கந்தன் என்கிறது வடமொழி மரபு. தாவிப் பாய்ந்து பகையைத் தாக்குபவன் என்று கொள்பவரும் உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணமோ, ஆறு திருவுருவும் அன்னையின் அணைப்பில் ஒன்றாகக் கூடியதால் கந்தன் என்ற பெயர் வந்ததாகப் பாடுகிறது. தமிழறிஞர் சிலர் ‘கந்து’ என்ற சொல்லைக் காட்டுவார்கள். கந்து என்றால் தூண். தெய்வம் உறையும் தூண் நட்ட அம்பலத்தைப் பட்டினப்பாலை ‘கந்துடைப் பொதியில்’ என்கிறது. இவற்றுள் எதையும் முடிந்த முடிபாக என்னால் வைக்க முடியாது. தோளையும் அடிமரத்தையும் குறிக்கும் வடமொழி ‘ஸ்கந்தம்’ இவற்றோடு சேராத வேறு சொல் என்பதையும் கவனிக்க வேண்டும்; வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு, நம் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. சுவாமிமலையில் தமிழாண்டுகள் அறுபதின் பெயரால் அமைந்த 60 படிகளில் ‘கந்தா’ என்று சொல்லியபடி ஏறும்போதெல்லாம் ‘ஸ்கந்தெரே’ என் நினைவுக்கு வருகிறது. அந்த மகிழ்ச்சி எனக்கு உண்மையானது. ஆனால் மகிழ்ச்சியைச் சான்றாக எழுத மாட்டேன்.

மகளுக்குச் சொல்லும்போது இத்தனையும் வேண்டாம். இரண்டு வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள்: அவள் சுவரை ஸ்கேல் செய்தாள், அவள் மீனை ஸ்கேல் செய்தாள். இரண்டிலும் எழுத்துக்கூட்டு மாறாது, இறந்தகால வடிவமும் மாறாது. முதலாவதில் ஏறுகிறாள், இரண்டாவதில் உரிக்கிறாள். புதிதாக எங்கே இச்சொல்லைக் கண்டாலும், இங்கே படி இருக்கிறதா, ஓடு இருக்கிறதா, தட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கட்டும். நில அதிர்வுக்கான ரிக்டர் ஸ்கேல், தொழிலைப் பெரிதாக்கும் ‘ஸ்கேல் அப்’ ஆகியவை படி. தோல் மருத்துவர் சொல்வது ஓடு. எடை பார்ப்பது தட்டு. நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது இடங்களில் இது தவறுவதில்லை. மீனும் எடையும் ஒன்றாக வரும் பத்தியில் மட்டும் சற்று நின்று படிக்க வேண்டும்.

மேட்டூர் திறந்து பாமணியாற்றில் தண்ணீர் வரும் நாளில் அவளை மதகுப் பக்கம் அழைத்துப் போங்கள். மதகின் தூணில் வெள்ளையடித்துக் கறுப்புக் கோடுகளும் எண்களும் எழுதியிருப்பார்கள். அதையும் ஸ்கேல் என்றே, மதகைக் கவனிக்கும் பாசன ஊழியரான லஸ்கர் சொல்லுவார். காலையில் ஒரு கோட்டைத் தொட்டு நின்ற தண்ணீர் மாலையில் அடுத்த கோட்டைத் தொடும். “தண்ணி ஏறுது” என்பார்கள். பிறகு வீட்டுக்கு வந்து, பென்சில் பெட்டியிலிருக்கும் அந்தப் 15 சென்டிமீட்டர் ஸ்கேலை நிமிர்த்திச் சுவரில் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். கோடுகள் படிகளாகத் தெரியும்.